கீழ் மூன்றடி

கூட்டத்தில் முதலில் சூரியன் போனது.
அது ஒரு கட்சி, என்றார் பீடாதிபதி.
வீடு போனது. படகு போனது.
மரம், என்றாள் றிஹாமா.
எல்லோரும் ஒரு தடவை அவளைப் பார்த்துவிட்டுத்
தேநீரைப் பார்த்தார்கள்.
யானை, கதிரை, வெற்றிலை.
மீனாவது கீறுவமே, பாடுமீன், என்று யாரோ இழுக்க
அது எல்லா லொறியிலயும் கிடக்கு, என்று
சிரித்தான் சுஜீவன்.
ஒன்றரை மணி நேரத்தில்
உலகத்துப் பொருளெல்லாம் தீர்ந்து
நிறம் மட்டும் மிஞ்சியது.

நிறத்துக்கும் கட்சி உண்டு.
ஆனால் கலந்துவிட்டால்
எது எவருடையது என்று கண்டுபிடிக்க ஏலாது.
அப்ப கலக்குவம், என்றாள் லக்சிகா.
விண்ணப்பத்தில் 'அரூப ஓவியம்' என்று எழுதினோம்.
பீடாதிபதி அந்தச் சொல்லின் கீழ் ஒரு கோடிழுத்து,
கொஞ்சம் யோசித்து,
ஒப்பமிட்டார்.

செங்கலடி ஹார்ட்வெயார் கடையில்
பிழையாய்க் கலந்த வாளிகள் பாதி விலை.
கல்யாண மண்டபம் ஒன்று வேண்டாமென்ற மஞ்சள்,
பாலர் பாடசாலைக்குக் கடுமையாகிப்போன சிவப்பு,
பல் வைத்தியர் ஒருவர் கேட்டு வாங்கி
மறுநாளே திருப்பிய பச்சை.
நீலம் மட்டும் முழு விலை.
நீலத்தில் யாரும் பிழை விடுவதில்லையாம்.

கணிதப் பிரிவின் மேற்குச் சுவர், இருபத்தெட்டு அடி.
சாரம் கட்டிய முதல் நாளே
இரண்டாம் பலகைக்கு ஏறியவன் நான்.
அங்கிருந்து வந்தாறுமூலை முழுவதும் தெரியுமென்றார்கள்.
எனக்குத் தெரிந்தது என் இரண்டு முழங்கால்கள்.
இறங்க நாற்பது நிமிடம் எடுத்தது.
திலினதான் இறக்கினான்,
பரவால்ல, பரவால்ல, என்று
தனக்குத் தெரிந்த தமிழ் முழுவதையும்
ஒவ்வொரு படிக்கும் சொல்லி.
மறுகா என்ன, என்றாள் லக்சிகா,
நீ கீழ மூன்றடியப் பாரு.

மேலே அவர்கள் கை வீசி வரைந்தார்கள்.
மாடி யன்னலைச் சுற்றிச் செம்மஞ்சள்
வீடு மறந்த ஆளைப்போல்
போய்த் திரும்பிப் போனது.
நான் குந்தியிருந்தேன்,
சைக்கிள் சாய்கிற உயரத்தில்,
நாய் காலைத் தூக்குகிற உயரத்தில்.
மேலிருந்து சொட்டியதெல்லாம் எனக்கு.
றிஹாமாவின் ஊதா ஒரு துளி,
யாருடையதோ தெரியாத வியர்வை,
ஒருமுறை ஒரு செருப்பு.
சொட்டைச் சுற்றி ஒரு வளையம், வளையத்தைச் சுற்றி இன்னொன்று.
அதைத் தவிர என்னிடம் வேறு திட்டமில்லை.

முடிந்தபிறகு கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.
என்ன கா இது? கடலா? கனவா?
நிகழ்தகவு படிப்பிக்கும் சேர் மட்டும் கேட்கவில்லை.
விரிவுரைக்குப் போகிற வழியில்
தினமும் அதே இடத்தில் நின்று,
கண்ணாடியைக் கழற்றித் துடைத்து,
போட்டுக்கொண்டு போவார்.

மார்கழியில் வெள்ளம்.
விடுதியை மூடி எங்களை அனுப்பினார்கள்.
பன்னிரண்டு நாள்.
வந்து பார்த்தால் வகுப்புக்குள் தவளை,
கதிரைக் கால்களில் வண்டல்,
என் மூன்றடியில்
சுவரின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை
ஒரு பழுப்புக் கோடு.
மட்டம் பார்த்து இழுத்ததுபோல நேர்.
இருபத்தெட்டு அடியிலும் அப்படி ஒரு நேர்கோடு
எங்களில் எவரும் கீறவில்லை,
கீறவும் ஏலாது.

சுஜீவன் ஈரத்துணியோடு வந்தான்.
பின்னால் மிச்ச நீலத்தோடு லக்சிகா.
விடுங்க, என்றேன்.
ஏன் என்று கேட்டார்கள்.
சொல்லத் தெரியவில்லை.
கீழே உங்களுக்கு வேலையில்லை, என்றேன்,
கொஞ்சம் சத்தமாகவே.
துணியைப் பிழிந்துகொண்டு போய்விட்டார்கள்.

போன கிழமை முதலாம் வருடப் பிள்ளை ஒன்று,
ஓட்டமாவடியாம்,
சுவரின் முன் குனிந்து படமெடுத்தாள்.
மேல உள்ளது ஒண்டும் விளங்கல்ல, என்றாள்,
இந்தக் கோடு மட்டும் நல்ல வடிவு.
ஆரு கீறின?

நான்தான், என்றேன்.
கால் நடுங்கவே இல்லை.